சும்மா போய்வர ஒரு வேண்டுதல்

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் நானும் என் வீட்டுக்காரரும் பகல் வெளிச்சத்தில் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. பேசுவதற்கு இடம்தான் இல்லை. பரமத்தி வேலூரில் எங்களுடையது வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். விடிந்தால் அவர் கொடிக்காலுக்குப் போய்விடுவார், நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் மரியாதை ஆகாது. ராத்திரி பேசலாம் என்றால், எங்கள் அறைக்கும் மாமனார் கட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டி. நான் "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கமிருந்து ஓர் இருமல் வரும். அது இருமலா, பதிலா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவரிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது மாமியாரும் விருந்தாடி வந்த ஓர் அம்மாளும் பேசியது காதில் விழுந்தது. இவளுக்குப் பிள்ளை இல்லை. வெண்ணந்தூரில் தூரத்து உறவில் ஒரு பெண் இருக்கிறது. நல்ல நிறம், கைவேலையும் சுத்தம். பையனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைத்தால் என்ன? ஆட்டுவதை நிறுத்தினால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும் என்று நான் நிறுத்தாமல் ஆட்டினேன். அன்றைக்கு மாவு வெண்ணெய் மாதிரி வந்திருப்பதாக மாமியார் மெச்சிக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் என்னை மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இவர் அதற்குச் சம்மதித்துவிட்டாரா, இல்லையா? அதை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். தட்டிக்கு இந்தப் பக்கம் இருட்டில் கேட்டால் முகம் தெரியாது. முகம் தெரியாமல் ஆண்பிள்ளை சொல்லும் பதிலை நம்பி நான் எதையும் செய்வதாக இல்லை.

அவர் நாமக்கல்லில் ஹைஸ்கூல்வரை படித்தவர். படிப்பு அவரை உத்தியோகத்துக்கு அனுப்பவில்லை, சவரக்கடைக்கு அனுப்பியது. அங்கே பழைய பத்திரிகைகள் கிடக்கும். முடி வளராத வாரங்களிலும் போய் உட்கார்ந்து படித்துவிட்டு வருவார். அப்படி ஒரு நாள் ஒரு பக்கத்தைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு வந்து, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காட்டினார். கப்பல் மேல்தட்டில் ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்டாட்டியும் சாய்வு நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"இவங்க எங்க போறாங்கன்னு தெரியுமா?" என்றார்.

"எங்கீங்க?"

"எங்கயும் இல்ல. கப்பல்ல ஏறி, ஊர் ஊராச் சுத்திப்போட்டு, ஏறுன எடத்துலயே வந்து எறங்கிக்குவாங்க. அதுக்குப் பணம் குடுக்கறாங்க."

"நம்ம செக்கு மாடு அதத்தானே பண்ணுதுங்க. அதுக்கு நாம தீனியில்ல போடறோம்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. ஆசை பிடித்துவிட்ட மனுஷனிடம் என்ன சொன்னாலும் ஏறாது. கப்பல் இல்லாவிட்டால் என்ன, காவிரி இருக்கிறது, பரிசல் இருக்கிறது என்றார். மேட்டூரில் அணை கட்டிய பிறகு ஆறு சொன்னபடி கேட்கிறது, ஆவணியில் நல்ல தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றார். முதல் நாள் மோகனூர், அங்கே சத்திரத்தில் தங்கல். அப்புறம் முசிறி, குளித்தலை என்று இறங்கி இறங்கித் திருச்சிவரை போய்விட்டு, திரும்பும்போது ரயில். இதை எல்லாம் அவர் மாட்டுத்தொட்டியின் விளிம்பில் விரலால் ஈரக்கோடு போட்டுக் காட்டினார். மாடு அதை நக்கிவிட்டது.

அவர் ஊர்களைப் பார்த்தார். நான் பார்த்தது வேறு. ஒரு முழுப் பகல், நாங்கள் இருவர், நடுவே தட்டி கிடையாது. பரிசல்காரர் ஒருவர் இருப்பார். அவர் ஆற்றைப் பார்ப்பாரே ஒழிய எங்களைப் பார்க்கமாட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு முட்டுக்கட்டை இருந்தது. எங்கள் பக்கத்தில் மனுஷர் ஊருக்குப் போவதென்றால் சாவு, கல்யாணம், கோர்ட்டு, வைத்தியம், சாமி, இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். 'சும்மா' என்று சொல்லிவிட்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாசல்படி தாண்ட முடியாது. சொன்னால் வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவருவார்கள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் தன் அம்மாவிடம் போய், மோகனூர் ஆற்றங்கரை அம்மனிடம் பிள்ளை வரம் வேண்டிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் கோட்டையைப் பிடித்தவர் மாதிரி என்னிடம் வந்து நின்றார்.

 ஊரே என் முதுகுக்குப் பின்னால் பேசுகிற குறையை இவர் பயணச்சீட்டாக ஆக்கிவிட்டாரே என்று இருந்தது. ஆனாலும் அந்த ஒரு பகல் எனக்கு வேண்டியிருந்தது. 

ஹைஸ்கூல் படித்த மூளைக்கு ஒன்று தோன்றவில்லை. வேண்டுதல் என்றால் விரதம் உண்டு. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மாமியார் மஞ்சள் கரைக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு மஞ்சள் வேட்டி, எனக்கு மஞ்சள் சேலை. அம்மன் முன்னால் நின்று வேண்டுதலைச் சொல்லி முடிக்கும்வரை அன்னம் தொடக்கூடாது. வெற்றிலை போடக்கூடாது, வெற்றிலை விளைகிற வீட்டுப் பிள்ளைக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒரே பாயில் உட்காரக்கூடாது. ஒருவர் கை ஒருவர் மேல் படக்கூடாது. இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் பெரியம்மாவும் கூட வருவார் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

பெரியம்மா என்பது என் மாமனாரின் அக்கா. என் வீட்டுக்காரருக்கு அத்தை. முறைப்படி எனக்குப் பெரியம்மா. அவருக்கும் பிள்ளை இல்லை. அவர் புருஷன் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர், அப்படியே இருந்துவிட்டார். யாரும் அவரைக் கடுஞ்சொல் சொன்னதில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவார். பிரசவம், காய்ச்சல், துணைக்கு ஆள் என்று எதற்குக் கூப்பிட்டாலும் எழுந்து போவார். வெண்ணந்தூர்ப் பேச்சைக் கேட்ட நாள்முதல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயமாக இருந்தது. அவரைக் கண்டல்ல, அந்த டிரங்குப் பெட்டியைக் கண்டு.

இப்படியாக எங்கள் உல்லாசப் பயணம் புறப்பட்டது.

விடிகாலையில் ஆற்றில் தலைமுழுகி, ஈரத்தலையோடு மஞ்சள் உடுத்திப் பரிசல்துறையில் நின்றோம். எங்கள் வழக்கப்படி என் வீட்டுக்காரர் முன்னால், அவருக்கு நாலு எட்டுத் தள்ளிப் பெரியம்மா, அவருக்கும் பின்னால் நான். பரிசலிலும் அந்த மரியாதை கெடாமல் அவர் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். பெரியம்மா நட்டநடுவில். நான் பின்பக்கம். பரிசல்காரர் ஒரு தள்ளுத் தள்ளியதும் பரிசல் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பார்த்தால் நான் முன்னால் இருக்கிறேன், அவர் பின்னால் இருக்கிறார். அவர் பதறிப்போய் எழுந்து இடம் மாறப் பார்த்தார். "உக்காருங்க சாமி, கவுந்துரும்" என்று பரிசல்காரர் சத்தம் போட்டார். உட்கார்ந்தார். அதற்குள் பரிசல் இன்னொரு சுற்றுச் சுற்றி அவரை மறுபடி முன்னால் கொண்டுவந்து விட்டது. வட்டமான ஒன்றில் முன் ஏது, பின் ஏது? நாலு தலைமுறை மரியாதையை ஒரு தோல் பரிசல் அரை நாழிகையில் குழப்பிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. விரதத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று மாமியார் சொல்லவில்லை, அதனால் சிரித்தேன்.

பெரியம்மா ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். தினமும் அதில் குளிப்பவர். ஆனால் ஆற்றின்மேல் ஏறியது அன்றைக்குத்தான். பரிசல் துறையைவிட்டு நகர்ந்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு கையால் என் வீட்டுக்காரர் மணிக்கட்டையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்தார். உடும்புப்பிடி. எங்கள் கை ஒன்றோடொன்று படாமல் பார்க்க வந்தவர், இரண்டையும் தன் மடிமேல் வைத்து அழுத்திக்கொண்டு, முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தார்.

கரையில் போகிறவர்களுக்கு, ஈரத்தலையும் முனகலுமாகப் போன எங்களைப் பார்த்ததும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஆரூட்டு எழவுங்க?"

"எழவு இல்லீங்க, வேண்டுதல்" என்று என் வீட்டுக்காரர் திருப்பிக் கத்துவார். "கொழந்தைக்குங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். துணி துவைக்கிற பெண்கள் நிமிர்ந்து அவரைப் பார்க்கமாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள், என் வயிற்றைப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள். படத்திலிருந்த வெள்ளைக்காரியை இப்படிக் கடலோரம் முழுக்க நின்று யாராவது விசாரித்தார்களா தெரியவில்லை. வாழைத்தோட்டம் வந்தது, கரும்புக்காடு வந்தது, மறுபடி வாழை வந்தது. அவர் ஒவ்வொன்றையும் புதுசாகப் பார்ப்பவர்போல வாயைத் திறந்து பார்த்தார். வாழையை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

நான் மாமியாருக்குத் தெரியாமல் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தேன். விரதம் என்று ஆவதற்கு முன்னாலேயே சுட்டு ஒளித்து வைத்தது. வெல்லத்தின் வாசனை பரிசலைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்களில் தின்னக்கூடிய நிலையில் இருந்தவர் பரிசல்காரர் ஒருவர்தான். "வீணாப் போயிருமுங்களே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். பிறகு கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு, ஒரு கையால் துடுப்பைப் போட்டபடி, கண்ணுக்கு எட்டின தூரம் ஆற்றைப் பார்த்து ஏப்பம் விட்டார். பத்திரிகைப் படத்துக்கு அன்று கொஞ்சமாவது பொருந்தி வந்தவர் அவர்தான்.

வெயில் ஏறியது. பெரியம்மாவின் முனகல் குறைந்தது. தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது. பிடி மட்டும் தளரவில்லை. அவர் தலைக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை நேரம் என் வீட்டுக்காரர் முகத்தை நேருக்கு நேர் நான் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது என்னவென்று கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் கேட்கவேண்டியது வேறு.

"நீங்க வெண்ணந்தூர் போனீங்களா?" என்றேன்.

அவர் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. "போன மாசம் ஒருக்கா. அம்மா ஒரு சோலியாப் போயிட்டு வரச் சொன்னாங்க."

"என்ன சோலிங்க?"

"சோலின்னா... போனேன். உக்காரச் சொன்னாங்க. காப்பித்தண்ணி குடுத்தாங்க."

"ஆரு கொண்டாந்து குடுத்தாங்க?"

அவர் வாழைத்தோட்டத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காப்பியை இவர் குடித்திருப்பார். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பார். இவருக்கு எதையும் நன்றாக இல்லை என்று சொல்ல வராது. அதுதான் என் பயமே. கெட்டவரைக் கட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்லவருக்கு அவர் அம்மா சொன்னால் போதும்.

"சரின்னு சொல்லிப்போட்டீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தாரா இல்லையா, தெரியாது. அந்த நேரம் பார்த்து ஆறு ஒரு பாறைக்கூட்டத்தை வளைத்துத் திரும்பியது. பரிசல் ஒரு சுழியில் மாட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. பரிசல்காரருக்கு அது தினப்படி வேலை. முழங்காலிட்டுத் துடுப்பை ஊன்றினார். ஆனால் பெரியம்மா சாகப்போகிறோம் என்றே முடிவு கட்டிவிட்டார். கண்ணைத் திறக்காமலே கத்த ஆரம்பித்தார்.

"சாமி, என்னைய மன்னிச்சுக்கோ! அம்மிணி, நீயும் மன்னிச்சுக்கோ! இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுச் சாவ மாட்டேன். உன்ற மாமியாதான் சொல்லியனுப்பிச்சா. கெடு வெச்சு வேண்டச் சொன்னா. அடுத்த ஆவணிக்குள்ள கொழந்தை இல்லைன்னா வெண்ணந்தூர்ல பொண்ணெடுக்கறேன்னு அம்மன் முன்னால அவன் வாயாலயே சொல்லோணுமாம். பொறவு ஆரும் பேச்சு மாற முடியாதாம். அந்த எடத்துல வெச்சு நான்தான் அவனுக்கு எடுத்துக்குடுக்கோணுமாம். அதுக்குத்தான் என்னைய அனுப்பிச்சா. எனக்கு வேற போக்கு இல்ல சாமி. நான் அந்தச் சோத்தத் தின்னுட்டுக் கெடக்கறேன்."

"சுழி தாண்டிட்டோமுங்க" என்றார் பரிசல்காரர்.

பரிசல் அமைதியாக மிதந்தது. பெரியம்மா கண்ணைத் திறந்து, உயிரோடிருப்பதைப் பார்த்து, சொன்னதையெல்லாம் நினைத்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பாவம், செத்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இவர் சும்மா போய்வர ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யை எடுத்து மாமியார் எனக்குச் சுருக்குக் கயிறு திரித்துவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. "எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்று மட்டும் அவர் சொன்னார். யாருக்காகச் சொன்னார், எதற்குச் சொன்னார் என்று புரியவில்லை. அதற்கப்புறம் மோகனூர் வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை. கரையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. எழவுதான் போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, வணங்கி வழிவிட்டார்கள்.

மோகனூரில் இறங்கும்போது வெயில் தணிந்திருந்தது. மறுபடி ஆற்றில் முழுகி, ஈரத்தோடு கோயிலுக்குப் போனோம். சின்னக் கோயில். பூசாரி தட்டில் சூடத்தை வைத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, வேண்டுதலைச் சொன்னதும் முடிச்சுப் போடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டார்.

"மனசுல நெனச்சா ஆகாதுங்க. அம்மனுக்குக் கேக்கறாப்பல வாய்விட்டுச் சொல்லோணும். ஒருக்காச் சொன்னா மாத்த முடியாது, பாத்துச் சொல்லுங்க."

சூடம் எரிந்தது.  நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன், மறுபடி முகம் தெரியவில்லை. ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் பக்கத்தில் பெரியம்மா நின்றிருந்தார். தின்ற சோற்றுக்கு வேலை செய்தாகவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கம்மிய குரலில், "கெடுவச் சொல்லு சாமி" என்றார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அப்பாவின் இருமல் மாதிரியே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தாயே, வருசா வருசம் ஆவணியில நானும் என்ற ஊட்டுக்காரியும் பரிசல்லயே வந்து உன்னயக் கும்பிட்டுக்கறோம்."

பூசாரி காத்திருந்தார். "கொழந்தை பொறந்தா வாரோம்னு சொல்லோணுமுங்க."

"பொறந்தாலும் வாரோம், பொறக்காட்டியும் வாரோம். உசுரு இருக்கறமட்டும் நாங்க ரெண்டு பேரு. மூணாவது ஆளா ஒரு பொம்பள என்ற ஊட்டுக்கு வரமாட்டா."

"ஏனுங்க, வேண்டுதல்னா ஏதாச்சும் கேக்கோணுமில்லீங்களா? நீங்க ஒண்ணுமே கேக்கலியே" என்றார் பூசாரி. முப்பது வருஷமாகப் பூசை செய்கிறவருக்கு இப்படி ஒரு கிராக்கி வந்ததில்லை.

"ஒண்ணும் வேண்டாமுங்க. முடிச்சப் போடுங்க."

போட்டார். போட்டது போட்டதுதான்; அம்மனிடம் சொன்ன சொல்லை என் மாமியாராலும் அவிழ்க்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை ஆற்றில் சுற்றிவர அனுப்புவது தெய்வக் குற்றத்துக்குப் பயந்து இனி அந்த வீட்டின் கடமை. என் வீட்டுக்காரர் தட்டோடு திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்தது, வெட்கமில்லாமல் நின்று அழுதேன்.

விரதம் முடிந்துவிட்டது. பூசாரி தேங்காய் மூடியைக் கொடுத்தார். மாமியாரிடம் என்ன சொல்வது என்று பெரியம்மா கவலைப்படுவார், ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் நின்ற இடத்தையே, தண்ணீர் சொட்டி ஈரமான அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா சாமி?" என்றார். "இப்பிடியும் சொல்லலாமா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தன் புருஷனைப் பற்றிப் பேசி அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"அவரும் இதே கல்லு மேல நின்னுதான் கெடுவச் சொன்னாரு. நானும் இங்கதான், பொறத்தால நின்னுக்கிட்டு இருந்தேன்."